உறையைக் கிழித்தால் சம்மதம்

திருநெல்வேலி டவுண்,
5-7-1994

அன்பும் பொறுமையும் மிக்க அத்தான் சிவசண்முகம் அவர்களுக்கு,

மைத்துனன் கணேஷ்ராம் எழுதிக்கொண்டது. இவ்விடம் அப்பா, அம்மா, தாமிரபரணித் தண்ணீர் எல்லாம் சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளவே இந்தக் கடிதம். நியூஜெர்சியில் வெயில் எப்படி, அனுராதா அக்கா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று விசாரிக்கச் சொல்லி அம்மா சொன்னாள். விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கேட்டது புரொபஷனல் எடிஷன். நீங்கள் அனுப்பியது ஸ்டூடண்ட் எடிஷன். "உள்ளே அதே சி கம்பைலர்தான், விலை மட்டும் பத்தில் ஒரு பங்கு, கடைக்காரனை ஏமாற்றிவிட்டேன்" என்று சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் பாலம் கட்டுகிறவர், உங்களுக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை, ஆகவே எளிமையாகச் சொல்கிறேன். கம்பைலர் என்பது நான் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றித் தருகிற சாமான். அது இல்லாவிட்டால் நான் எழுதுவது எல்லாம் வெறும் காகிதம். ஸ்டூடண்ட் எடிஷன் என்றால் அதை வைத்துப் படிக்கலாம், பழகலாம், ஆனால் அதில் செய்ததை விற்கக் கூடாது. சமையல் பழகலாம், ஓட்டல் வைக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஓட்டல்தான் வைக்க வேண்டும், அத்தான். அதைத் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தேன்.

ஓட்டலுக்கு முதல் வாடிக்கை யார் தெரியுமா? ஐயம்பெருமாள் அண்ணாச்சி. உங்கள் கல்யாணத்துக்கு அண்டாவும் ஜமுக்காளமும் அவர் கடையில்தான் வாடகைக்கு எடுத்தோம். ஒரு கரண்டி குறைகிறது என்று நீங்கள் மறுவீடு போகிற வழியில் காரை நிறுத்திக் கேட்டாரே, அவரேதான். இப்போது டவுணில் பெரிய கடை, விக்கிரமசிங்கபுரத்தில் ஒன்று, களக்காட்டில் ஒன்று. போன தை மாதத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே பெரிய அண்டாவை மேலப்பாளையத்துக்கும் எழுதி விக்கிரமசிங்கபுரத்துக்கும் எழுதிவிட்டார்கள். அண்டா மேலப்பாளையம் போய்விட்டது. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மில் தொழிலாளி வீட்டில் சாம்பாரைக் குடம் குடமாக வைத்து, தண்ணீர் என்று நினைத்து ஒரு பெரியவர் அதில் கை கழுவி, பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் இன்றுவரை பேச்சில்லையாம். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, கடையில் தூசி விழும் என்று வீட்டு மாடியில் வைத்து, எந்தப் பாத்திரம் எங்கன போகுது, எப்போ வருது என்று சொல்லும்படி ஒரு புரோகிராம் எழுதித் தர என்னைக் கூப்பிட்டார். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் தயாராக வேண்டும். இது சரியாக நடந்தால் நான் தொழில்காரன். நடக்காவிட்டால் அப்பா வாங்கி வைத்திருக்கிற குரூப் ஃபோர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து ஏதாவது தாலுகா ஆபீஸில் உட்கார வேண்டியதுதான்.

ஊரில் யாருமே கம்பைலரைக் காசு கொடுத்து வாங்குவதில்லை, நீ மட்டும் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் என் சிநேகிதன் கிளமென்ட் ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தால் எந்தக் கம்பைலரையும் பிளாப்பியில் நகல் எடுத்துத் தருவான். எனக்கும் தந்தான். கூடவே ஒரு வைரஸும் வந்தது. நான் புரோகிராம் எழுத எழுத, திரையில் ஒரு சின்னப் பந்து இங்கும் அங்கும் குதித்துக்கொண்டிருந்தது. கிளமென்ட்டிடம் போய்க் கேட்டால், "அது பாட்டுக்கு ஆடுதுலே, உன்ன என்ன செய்யுது" என்கிறான். அந்தப் பந்தை அப்பா பார்த்துவிட்டார். அது என்ன, எப்படி வந்தது என்று நூல் பிடித்து, கடைசியில் நகல் விஷயத்துக்கு வந்துவிட்டார். முப்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்தவர் ஒன்றைத் துருவ ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் ஜாதகத்தையே அப்படித்தான் துருவினார். அடுத்தவன் மனையில் வீடு கட்டுகிற வேலை இந்த வீட்டில் நடக்காது என்று சொல்லி, பிளாப்பியைத் தன் கையாலேயே கிளமென்ட்டிடம் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கி வந்தார். திருநெல்வேலி ஜில்லா முழுவதிலும் சாஃப்ட்வேர் லைசென்ஸை மதிக்கிற மனிதர் ஒருவர்தான். அவர் எனக்கு அப்பாவாக வாய்த்திருக்கிறார்.

சரி, இலவசமாகவே தருகிறார்களே ஒரு கம்பைலர், அதை எடுக்கலாம் என்று போனேன். அது 386 மெஷினில்தான் ஓடும், என்னிடம் இருப்பது 286. அண்ணாச்சி மெஷினில் வைத்து எழுதலாம் என்றால், அதற்குள் நான் வாயைக் கொடுத்துக் கெடுத்துவிட்டேன். அதன் லைசென்ஸை அரைகுறையாகப் படித்துவிட்டு, நாம் எழுதியதையும் கேட்டவர்களுக்கெல்லாம் பிரித்துக் காட்ட வேண்டியிருக்குமோ என்று அண்ணாச்சியிடம் சந்தேகமாகச் சொன்னேன். எதிர்க்கடைக்காரன் வந்து கேட்டாலும் காட்டணுமோ என்று ஒரே கேள்விதான் கேட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு முழுதாகப் படித்தபோது அப்படியெல்லாம் இல்லை என்று தெரிந்தது, ஆனால் அண்ணாச்சி ஒரு தடவை மனத்தில் பூட்டுப் போட்டால் சாவி அவரிடமே கிடையாது. இன்னொரு கம்பெனிக்காரனின் சாமான் விலை மலிவு, ஆனால் நாம் விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் அவனுக்குப் பங்கு தர வேண்டும். மூன்று கடைக்கு மூன்று பிரதி, மூன்று பங்கு. அண்டாவை நான் வாங்கி, விறகை நான் வைத்து, சோறு பொங்குகிற போதெல்லாம் அண்டா செய்தவன் வந்து இலை போட்டு உட்காருவானா என்று அண்ணாச்சி கேட்டார். இப்படி எல்லா வாசலும் அடைத்த பிறகுதான் உங்களுக்கு எழுதினேன். புரொபஷனல் எடிஷன் ஒன்று வாங்கினால் போதும், எத்தனை பிரதி வேண்டுமானாலும் விற்கலாம், யாருக்கும் பங்கில்லை, அப்பாவுக்கும் ஆட்சேபணையில்லை. நீங்களோ கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி எது மலிவோ அதைப் பொறுக்கி அனுப்பிவிட்டீர்கள்.

பெட்டி வந்தது. உள்ளே பிளாப்பிகள் ஓர் உறையில் ஒட்டியிருந்தன. உறை மேலேயே ஒரு பக்கம் முழுக்க எறும்பு எழுத்தில் லைசென்ஸ். இந்த உறையைக் கிழித்தால் மேற்கண்ட ஷரத்துகளுக்கெல்லாம் சம்மதித்ததாகும் என்று கடைசி வரி. அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கீழே வைத்தார். கையெழுத்தில்லை, சாட்சியில்லை, முத்திரைத்தாள் இல்லை, ரேகை கூட இல்லை, காகிதத்தைக் கிழித்தால் சம்மதமா, எந்த ஊர் நியாயம் இது என்று அன்று சாயங்காலம் வரை புலம்பினார். சட்டம் தெரியாத ஊர் என்று உங்கள் அமெரிக்காவையே ஒதுக்கி வைத்தார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். "ஏலே, இது கிரயமும் இல்ல, ஒத்தியும் இல்ல. வெறும் அனுபவ பாத்தியதை. அதுலயும் படிக்கதுக்கு மட்டும்னு எல்லை போட்டுருக்கான். நீ தொழிலுக்கு எடுத்தா எல்லை தாண்டுன மாதிரி." ஆகவே உறையைக் கிழிக்கக் கூடாது என்று உத்தரவு. உறை சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக் கும்பிட்டேன், சாமியை அல்ல.

கடைசியில் அம்மா கிழித்தாள். அக்கா பாதாம் பருப்பு ஏதும் வைத்து அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக் கிழித்தாளாம். உடனே அப்பா ஒரு தீர்ப்பு எழுதினார். கிழித்தவள் சண்முகசுந்தரி அம்மாள், ஆகவே ஒப்பந்தம் அவளுக்கும் கம்பெனிக்கும்தான், ஆகவே படிக்க வேண்டிய மாணவி அவள்தான், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையில் மெஷினில் உட்கார்ந்தால் தவறில்லை. நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நான் புரோகிராம் எழுதும்போதெல்லாம் பக்கத்தில் அம்மா ஒரு முறத்தோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். சும்மாவும் இருக்கவில்லை. "எய்யா, அந்த வரி முடிவுல அரைப்புள்ளி வைக்கலயே" என்று சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். பாதி நாள் அவள் சொன்னது சரியாகவும் இருந்தது, அதுதான் எரிச்சல்.

இப்படியாக புரோகிராம் முடிந்தது. இனிமேல்தான் ஆபத்து, கவனமாகப் படியுங்கள். போன வாரம் அண்ணாச்சி வீட்டு மாடியில் ஓட்டிக் காட்டப் போனேன். அப்பாவும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று வந்தார். சொத்தைக் கைமாற்றும் முன் வில்லங்கத்தைச் சொல்லிவிட வேண்டுமாம். புரோகிராம் நன்றாக ஓடியது. எந்த அண்டா எங்கே என்று கேட்டால் டக்கென்று சொல்லியது. அண்ணாச்சி நாலு தரம் கேட்டு நாலு தரமும் தொடையில் தட்டிக்கொண்டார். மத்தியானமாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். பசி வந்தால் எனக்குக் கண் தெரியாது என்பது அக்காவுக்குத் தெரியும். இலையில் சொதி. தேங்காய்ப்பால் திக்காக, முருங்கைக்காய் பதமாக, பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், இஞ்சித் துவையல். துவையல் வைத்தது யார் என்றுகூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தேன். மூன்று தரம் சோறு வாங்கிவிட்டேன். அப்போது அப்பா தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, இதுல ஒரு வில்லங்கம் இருக்கு" என்று ஆரம்பித்து, உறை, எறும்பு எழுத்து, படிப்புக்கு மட்டும், விற்கக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. "வித்தாத்தான சார்வாள் தப்பு? சும்மா குடுக்கச் சொல்லும்" என்றார். சும்மா கொடுத்தாலும் வெளியாளுக்குக் கொடுத்தால் அது தானம், அதுவும் கடை நடத்தக் கொடுத்தால் கேள்வி வரும் என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "குடும்பத்துக்குள்ளன்னா வேற. செட்டில்மெண்ட்னு போட்டுட்டுப் போயிரலாம், ஒருத்தன் கேள்வி கேக்க முடியாது" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் இலையைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"அப்ப குடும்பமாவே ஆயிருவோம் சார்வாள். அதுக்கு என்ன இப்ப" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊத்துங்க" என்றார்.

அதுவரை நான் தம்பி, அத்தான். வீட்டுக்குள் நுழையும்போது தம்பி, மாடிப்படி ஏறும்போது தம்பி, சோற்றுக்கு உட்காரும்போதும் தம்பிதான். என் வாயில் அப்பளம் இருந்தது. மறுப்பதென்றால் முதலில் மெல்ல வேண்டும். மென்று முடிப்பதற்குள் இலையில் சொதி விழுந்துவிட்டது. விழுந்த சொதியை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. இதுதான் நடந்தது, இதற்கு மேல் என் மீது குற்றமில்லை.

வீட்டுக்கு வந்து, அம்மாவாவது எனக்காகப் பேசுவாள் என்று நம்பி விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது என்ன சாப்பாடு என்று. சொதி என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்கே நினைவிருக்கும், கல்யாணம் முடிந்து மறுவீட்டில் புது மாப்பிள்ளைக்குப் போடுவது சொதிச் சாப்பாடுதானே. "வயசுக்கு வந்த பிள்ள இருக்க வீட்டுல, காரணமில்லாம யாராவது சொதி வப்பாகளாலே? அதையும் மூணு தரம் வாங்கித் தின்னுட்டு வந்து நிக்கியே, கோட்டி" என்றாள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்பது கூடத் தெரியாமல் என்ன படிப்புப் படித்தாய் என்று கேட்டாள். நான் விடவில்லை. கையெழுத்தில்லை, சாட்சியில்லை, முத்திரைத்தாள் இல்லை, சோறு தின்றால் சம்மதமா, எந்த ஊர் நியாயம் இது என்று அப்பா சொன்ன வார்த்தைகளையே வரிசை மாறாமல் அப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல், "சாட்சி நான்தாம்லே, பக்கத்து இலையில இருந்து பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்கிறார்.

அதற்குப் பிறகு காரியங்கள் தன்னால் ஓடுகின்றன. அம்மா கிளறிப் பார்த்ததில் அண்ணாச்சி சம்சாரம் அவளுக்குத் தூரத்து உறவு என்று தெரிந்துவிட்டது. ஜாதகம் பொருந்திவிட்டது, பொருந்தாவிட்டாலும் பொருத்தியிருப்பார்கள். பந்தல், பாத்திரம், ஜமுக்காளம், சமையல்காரர் எல்லாம் அண்ணாச்சியிடமே இருப்பதால் நிறுத்தி வைப்பதற்கும் எந்தச் சாக்கும் இல்லை. ஆவணி மாத முகூர்த்தத்துக்குப் பெரிய அண்டாவை என் புரோகிராமிலேயே அவர் பதிவு செய்துவிட்டார். அதில் ஏறிய முதல் நிஜமான வாடிக்கை என் கல்யாணம். பெண்ணின் பெயர் வேணி, பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒரு கம்பைலர் லைசென்ஸின் ஓட்டையை அடைப்பதற்காக ஒருவன் தாலி கட்டினான் என்று நாளைக்கு நாலு பேர் சொன்னால் நான் எந்த முகத்தோடு தொழில் செய்வது?

ஆகவே அத்தான், தப்பிக்க ஒரே வழிதான் இருக்கிறது, அது உங்கள் கையில் இருக்கிறது. ஆடியில் ஊருக்கு வருகிற உங்கள் ஆபீஸ் நண்பர் கையில் புரொபஷனல் எடிஷன் ஒன்றை உடனே வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். ஸ்டூடண்ட் என்ற வார்த்தை பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை என்று நாலு தரம் திருப்பிப் பாருங்கள். அது வந்துவிட்டால் புரோகிராமை நேராகவே விற்கலாம், அது சுத்தக் கிரயம், செட்டில்மெண்ட் தேவையில்லை, குடும்பமாக வேண்டிய அவசியமும் இல்லை. சொதி விஷயத்தை அம்மாவிடம் நான் தனியாக வாதாடிக்கொள்கிறேன். நாளைக்கு முறைப்படி பெண் பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போகிறார்கள். பெரியவர்களிடம் பேசிப் பயனில்லை, அந்தப் பெண்ணிடமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். நாளை அங்கே ஒரு வாய்க் காபி கூடக் குடிக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு, உங்கள் மீது எனக்குள்ள கோபத்தில் அவளுக்குப் பங்கில்லை. நெல்லையப்பரும் காந்திமதியும் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உங்களுக்குத் தனியாக, பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படிக்கிற பொறுமையும் தருவார்களாக.

இப்படிக்கு,
நாளை வரை பிரம்மச்சாரியும், நாளைக்குப் பிறகும் அப்படியே இருக்க விரும்புபவனுமாகிய,
கணேஷ்ராம்

பி.கு.: நேற்று இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முடியவில்லை, வெளிநாட்டுக்கு ஒட்டுகிற ஸ்டாம்ப் தீர்ந்துவிட்டது என்றார்கள். நல்லதாகப் போயிற்று.

இன்று போனோம். ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ளட்டும் என்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, எனக்கு இதில் இஷ்டமில்லை, லைசென்ஸ் சிக்கலில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையைக் குனியவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. "எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல. முதல்ல இதைப் பாருங்க" என்று மெஷினைத் தட்டினாள். எங்கள் கல்யாணத்துக்கு எழுதிய அண்டாவை என் புரோகிராம் களக்காட்டில் இன்னொரு கல்யாணத்துக்கும் எழுதியிருந்தது, அதே முகூர்த்தம். அப்படி ஆகவே ஆகாது என்றேன். "ஆயிருக்கே" என்றாள். மாதக் கடைசியில் எடுத்து அடுத்த மாதம் திருப்புகிற பாத்திரத்தை, திரும்பி வந்துவிட்டதாகவே நான் கணக்கில் வைத்திருக்கிறேன். இரண்டு நாளாக அவள் உட்கார்ந்து தேதிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். கத்தினேன். அவளும் கத்தினாள். இருவருமாகச் சரி செய்தோம். ஐந்து நிமிஷம் மத்தியானம் வரை நீண்டுவிட்டது, கீழே பூ கட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

எழுந்திருக்கும்போது, போன வாரம் அப்பா வில்லங்கத்துக்கு ஆதாரமாக அங்கே கொடுத்துவிட்டு வந்த கிழிந்த உறையை எடுத்துக் காட்டினாள், எறும்பு எழுத்து முழுவதையும் படித்திருக்கிறாள். கல்யாணம் செய்தால் விற்கலாம் என்றோ, மாமனார் கடை கடையாகாது என்றோ அதில் எங்கேயும் இல்லையே என்றாள். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். அப்பாவின் செட்டில்மெண்ட் செல்லாது. இதை இப்போதே கீழே போய்ச் சொன்னால் எல்லாம் நின்றுவிடும், சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? முகூர்த்தம் முடியட்டும். பைய சொல்லிக்கிடுவோம்" என்றாள்.

கீழே இன்றும் சொதிதான். காபியும் குடித்தேன். துவையல் வைத்தது யார் என்று இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தேன்.

ஆகவே அத்தான், பெட்டியைப் பற்றி மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். புரொபஷனல் எடிஷன் கட்டாயம் வேண்டும், ஆனால் ஆடியில் வருகிறவர் கையில் வேண்டாம். ஆவணி முகூர்த்தம் முடிந்த பிறகு கப்பலில், மெதுவாக, கல்யாணச் சீராக அனுப்பினால் போதும். ஒருவேளை ஆர்வக் கோளாறில் முன்னாலேயே அனுப்பி, அது வந்தும் சேர்ந்துவிட்டால், நான் உறையைக் கிழிக்கப் போவதில்லை.